நித்தியகல்யாணியும் ஒரு நேர்த்திக்கடனும்

குழந்தைக்கு நோய் கண்டால் ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி படத்தின் முன் வைப்பதும், குணமான பின் அந்த முடிப்புடன் வைத்தீஸ்வரன் கோயிலுக்குச் சென்று முடி காணிக்கை செலுத்துவதும் காவிரிப் படுகைக் குடும்பங்களில் வழிவழியாக வரும் வழக்கம். பெரும்பாலும் ஓரிரு மாதங்களுக்குள் அந்த நாணயம் உண்டியலைச் சேர்ந்துவிடும். ஒரு வீட்டில் மட்டும் அது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பூஜை அலமாரியில் காத்திருக்க நேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரும் ஊரும் இங்கே வேண்டியதில்லை.

ஐந்து வயதுப் பெண் குழந்தை. மூன்று வாரங்களாக விட்டு விட்டுக் காய்ச்சல். இரவில் காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். விளையாட்டில் விழாமலே முழங்காலுக்குக் கீழே நீலத் தழும்புகள் தோன்றின. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. தந்தையின் தாயாரை அந்தப் பக்கத்தில் அப்பாயி என்பார்கள். அப்பாயி திருஷ்டி கழித்தார்; மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்; நாணயம் முடிந்து வைத்தார். உள்ளூர் மருத்துவரின் ஊசிக்குக் காய்ச்சல் தணிவதும் மீள்வதுமாக இருந்தது. கடைசியில் எடுத்த சாதாரண இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது. வெள்ளணுக்கள் பன்மடங்கு பெருகியிருந்தன. சிவப்பணுக்களும், இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களும் மிகவும் குறைந்திருந்தன. அன்றிரவே சென்னைக்கு ரயில் ஏறினார்கள். எலும்பு மஜ்ஜையைச் சோதித்த பின், இரத்தப் புற்றுநோய் என்பது உறுதியாயிற்று.

அச்செய்தி ஊரை எட்டியதும் வீட்டில் எழுந்த முதற்கேள்வி, இது யார் செய்த பாவம் என்பதுதான். மருமகள் வந்த நேரம் என்றார் ஒருவர். கருவுற்றிருந்தபோது கிரகண காலத்தில் வெளியே வந்தாள் என்றார் இன்னொருவர். குழந்தையின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு தாத்தா மூன்று ஜோதிடர்களிடம் சென்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில், கண்ணிமை மூடாமல் பன்னிரண்டு நாட்கள் குழந்தையின் அருகில் அமர்ந்திருந்த தாய்க்கு இந்தப் பேச்சுகளெல்லாம் தொலைபேசி வழியே வந்து சேர்ந்தன. நோயைவிட அவளை வாட்டியவை அவை.

பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரத்தப் புற்றுநோய். அதிலும் பெரும்பாலானவை நிணநீர் வகை வெள்ளணுக்கள் முதிராத நிலையிலேயே கட்டுக்கடங்காமல் பெருகுவதால் வருபவை. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள்தான் இது மிகுதியாகக் காணப்படுகிறது. தாய் உண்ட உணவாலோ, கிரகண நிழலாலோ இது வருவதில்லை. தொற்றுநோயும் அன்று, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ பரவாது. மிகச் சில குழந்தைகளைத் தவிர மற்றவர்களுக்குப் பரம்பரை வழியாகவும் வருவதில்லை. ஓர் அணுவின் உட்கூறில் நேரும் பிழை, எலும்பு மஜ்ஜையில் பெருகிப் பரவுகிறது. அவ்வளவே. யாரையேனும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத்தான் வேண்டும் என்றால், அதில் ஏற்ற ஆளில்லை.

இந்த நோய்க்கு மருந்து பிறந்த கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறியவர். இளமையில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளிடம் ஈர்க்கப்பட்டுச் சந்நியாசம் கொள்ள விரும்பினார். தாயார் இசையவில்லை, மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்று அவர் மனம் திரும்பியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவைக் கூடத்துக்குள் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கிடைக்காமல் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குச் சில நாட்கள் இடைவெளியில் பறிகொடுத்தார். அதே நோய் தம்மைப் பற்றியபோது ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதியின் மருந்தால் பிழைத்தார். பின்னர் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தார்.

1922-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர் தாயகம் திரும்பவே இல்லை. லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தில் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு, ஸ்ப்ரூ நோயைத் தீர்க்கும் போலிக் அமிலத்தை 1945-ல் ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துவிட்டது. தம்பியரையும் தமையன்மாரையும் நோய்க்குக் கொடுத்தவர்கள் உலகில் எத்தனையோ பேர். அந்த நோய்க்கே மருந்து கண்டு கடன் தீர்த்தவர்கள் மிகச் சிலரே. பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இந்த அமிலம் இரத்தப் புற்றணுக்களுக்கும் உணவாகிறது என்று ஐயுற்றார். அப்படியானால் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அணுவை ஏமாற்றிப் பட்டினி போடும் ஒரு பொருள் வேண்டும். அமினோப்டெரின் என்ற அந்தப் பொருளையும் சுப்பாராவின் குழுவே செய்து கொடுத்தது. 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. அது நிலைக்கவில்லை, சில மாதங்களில் திரும்பிவிட்டது. ஆயினும் அதுவரை அசையாத கதவு முதன்முறையாகச் சற்றே திறந்தது. 1948 ஜூனில் ஃபார்பர் அந்த முடிவை வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், இன்றும் இந்நோய்ச் சிகிச்சையில் வாரம் ஒருமுறை குழந்தைகளின் வாய்க்குள் மாத்திரையாகச் சென்றுகொண்டிருக்கிறது.

இன்னொரு மருந்து, பூஜைக்கு மலர் பறிக்கும் அன்பர்கள் நாள்தோறும் காண்பது. நித்தியகல்யாணி! ஆண்டு முழுவதும் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூப்பதால் அந்தப் பெயர். சுடுகாட்டு மல்லி என்ற அமங்கலப் பெயரும் அதற்கு உண்டு. மடகாஸ்கர் தீவு அதன் தாய்வீடு. இதன் இலையில் உள்ள சில காரப்பொருள்கள் அணுக்கள் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கின்றன என்று 1950-களில் கண்டறிந்தார்கள். அவற்றுள் ஒன்றான வின்கிறிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உலகெங்கும் முதல் வாரத்திலேயே செலுத்தப்படும் ஊசி இது. தமிழ்நாட்டின் தென்மாவட்டத்து மானாவாரி நிலங்களில் இச்செடியைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். டன் கணக்கில் உலர்ந்த இலையிலிருந்து சில கிராம் மருந்துதான் கிடைக்கும். அளவு சற்றே மிகுந்தாலும் நரம்பைத் தாக்கும் நஞ்சு அது. ஆகவே கொல்லைப்புறத்து நித்தியகல்யாணியை அரைத்துக் குழந்தைக்குப் புகட்டினால் என்ன என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்த மலர் சுவாமிக்குச் சாத்துவதற்கு மட்டுமே.

மருந்துகள் பிறந்தனவே தவிர, அவற்றை நம் நாட்டுக் குழந்தைகளிடம் சேர்ப்பது எளிதாக இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்நோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டுகள் போராடி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 12 படுக்கைகள், சில குடிசைகள், அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அங்கே பணியாற்றினார்கள். 2021 ஜனவரியில் மறையும் வரை டாக்டர் சாந்தாவுக்கு அந்த வளாகமே வீடு.

அந்தக் காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைகளில் ஐவரில் ஒருவர் பிழைப்பதே அரிதாக இருந்தது. 1984-ல் மருத்துவர் இயன் மக்ராத்தின் துணையுடன், இந்தியாவில் கிடைக்கக்கூடிய, நம் மக்களுக்குக் கட்டுப்படியாகக்கூடிய மருந்துகளைக் கொண்டு எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறை வகுக்கப்பட்டது. அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே முறையைப் பின்பற்றினார்கள். நோயின்றி வாழ்வோர் நூற்றுக்கு 45 முதல் 60 வரை உயர்ந்தனர். இன்று செல்வம் மிக்க நாடுகளில் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் இந்நோயிலிருந்து மீள்கிறார்கள். நம் நாட்டில் அந்த அளவு எட்டாததற்கு மருந்துத் தட்டுப்பாடு மட்டுமே காரணம் அன்று. சிகிச்சையின்போது வரும் கிருமித் தொற்று ஒரு காரணம். மற்றொரு காரணம், சிகிச்சையை நடுவில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பிவிடும் குடும்பங்கள்.

அந்த ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதுதான் நேரவிருந்தது.

முதற்கட்டச் சிகிச்சை ஐந்து வாரங்கள் நடந்தது. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் ஊதியது; நள்ளிரவில் எழுந்து தயிர்சாதம் கேட்டாள். பின்னர் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பார்க்கச் சென்ற அப்பாயி, தலையணையில் கிடந்த முடியைக் கையில் அள்ளிக்கொண்டு, “சாமிக்குன்னு வேண்டிக்கிட்ட முடியாச்சே” என்று அழுதார். முதுகுத்தண்டில் ஊசி போட்டபோது, கால் விளங்காமல் போய்விடும் என்று தாத்தா அஞ்சினார். மூளையைச் சுற்றி இயற்கை அமைத்திருக்கும் அரணைப் பல மருந்துகள் கடப்பதில்லை. புற்றணுக்கள் அங்கே சென்று ஒளிந்துகொள்ளும். அதனால்தான் முதுகுத்தண்டு நீரிலேயே மருந்தைச் செலுத்துகிறார்கள். இதைச் சொல்ல அப்போது அவருக்கு அருகில் ஆள் இல்லை.

ஐந்தாம் வார முடிவில் மஜ்ஜையைச் சோதித்தபோது நுண்ணோக்கியில் புற்றணு தென்படவில்லை. குழந்தை ஓடி விளையாடினாள். பொங்கலுக்காக ஊருக்கு அழைத்து வந்தார்கள். தாத்தா தேங்காய் உடைத்தார். “அம்பாள் காப்பாத்திட்டா. இனிமே அந்தப் பச்சப்புள்ளைய எதுக்கு ஊசியால குத்தணும்? சென்னைக்குப் போக வேண்டாம்” என்றார். மகன் வாய் திறக்கவில்லை. வேலைக்குப் போகாமல் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மனைவியின் வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன. தந்தையின் சொல் அவருக்கும் உள்ளூர ஆறுதலாகவே இருந்தது. மருமகள் மட்டும், “மாமா, இரண்டரை வருஷம் மருந்து இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க” என்றாள். “நல்லாயிருக்கிற புள்ளைக்கா?” என்று கேட்டுவிட்டுத் தாத்தா எழுந்து போய்விட்டார்.

குறித்த நாள் கடந்தது. ஒன்பது நாட்கள் சென்றன. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் தொலைபேசியில் அழைத்தார். தாத்தாவே பேசினார், இனி வரப்போவதில்லை என்று சொன்னார். அந்தப் பெண் வாதிடவில்லை. “நீங்களே ஒரு முறை வந்து டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ஐயா” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மரியாதையாகக் கேட்டால் மறுக்கத் தெரியாத தலைமுறை அது. சொல்லிவிட்டு வருவோம் என்றே கிளம்பினார்.

மருத்துவர் ஒரு தாளில் எண்களை எழுதிக் காட்டினார். நோய் கண்டறியப்படும் நேரத்தில் குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடிப் புற்றணுக்கள் இருக்கக்கூடும். முதற்கட்டச் சிகிச்சையில் நூற்றில் தொண்ணூற்றொன்பது அழிந்தாலும், மிச்சம் ஆயிரம் கோடி. நுண்ணோக்கியில் அது தெரியாது. குழந்தையின் முகத்திலும் தெரியாது. வங்கிக் கடனில் நிலுவைத் தவணைகளைக் கட்டி முடித்தவுடன் அசலே தீர்ந்தது என்று எண்ணுவதற்கு ஒப்பானது அந்த நேரத்துத் தெளிவு. நிறுத்தினால் மிஞ்சியவை பெருகும். அப்போது அவை முன்பு தந்த மருந்துக்கு எளிதில் அடங்கா. அதற்காகத்தான் அடுத்த சில மாதங்கள் கடுமையான சிகிச்சையும், அதன் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்தே உட்கொள்ளும் மாத்திரைகளும்.

எண்களைவிடத் தாத்தாவை அசைத்தது வேறொன்று. காத்திருப்புக் கூடத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவன் அமர்ந்திருந்தான். யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டார். தன்னையே காட்டிக்கொள்ள வந்ததாகச் சொன்னான். நான்கு வயதில் இதே நோய். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளாகியும் ஆண்டுக்கொரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். தாத்தா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, உன்னை யார் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று கேட்டார். “சின்ன வயசுல எங்க தாத்தாதான்” என்றான்.

மறுவாரம் குழந்தை மீண்டும் சென்னைக்குச் சென்றாள். தாத்தாவின் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

பக்தியுள்ள குடும்பங்களில் இத்தகைய முடிவுகளைப் பெரும்பாலும் பெரியவர்களே எடுக்கிறார்கள். கோயிலா, ஆஸ்பத்திரியா என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எழுவது இயல்பு. ஆனால் நம் முன்னோர் அப்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று, அக்கோயில் நடத்திய மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. அதில் 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொடுத்துக் கவனிக்கப் பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், இவர்களுக்கெல்லாம் நெல்லும் காசுமாக ஊதியம். இவை யாவும் பெருமாளின் செல்வத்திலிருந்து. வைத்தீஸ்வரன் கோயிலிலும் ஈசன் வைத்தியராக எழுந்தருளியபோது அம்பிகை தைலப் பாத்திரம் ஏந்தி உடன் வந்தாள் என்பதுதான் தலவரலாறு. சுவாமியே மருந்துடன் வந்த தலத்தில் நின்றுகொண்டு, மருந்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அதே வேளையில், சிகிச்சைக் காலத்தில் வழிபாட்டு வழக்கங்கள் சிலவற்றைத் தள்ளிவைக்கத்தான் வேண்டும். புற்றணுக்களை அழிக்கும் மருந்து, கிருமிகளை எதிர்க்கும் நல்ல வெள்ளணுக்களையும் அழித்துவிடும். அந்த நாட்களில் தேர்த் திருவிழாக் கூட்டமும் பிரதோஷ நெரிசலும் குழந்தைக்கு ஆகா. பொதுப் பாத்திரத்துத் தீர்த்தம், காய்ச்சாத பால், திறந்து வைத்த பஞ்சாமிர்தம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் செய்து சூட்டோடு நைவேத்தியம் செய்த வெண்பொங்கலுக்குத் தடையில்லை. நெற்றியில் திருநீறு இடலாம். மருந்து ஏற்றுவதற்காகக் கையிலோ மார்பிலோ பொருத்திய குழாயின் அருகே எதையும் பூசக் கூடாது. அணுக்களின் எண்ணிக்கை தேறிய பின், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கூட்டமில்லாத நேரத்தில் தெருக்கோடிப் பிள்ளையாரைத் தரிசிக்க அழைத்துச் செல்லலாம்.

இரண்டு விஷயங்களில் சிறிதும் தாமதம் கூடாது. ஒன்று, காய்ச்சல். வெப்பமானி 100.4 பாகை ஃபாரன்ஹீட்டைக் காட்டினால், அது இரவு இரண்டு மணியானாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கஷாயம் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று காத்திருந்த வீடுகளில் குழந்தைகள் பறிபோயிருக்கிறார்கள். மற்றொன்று, அம்மை. நம் ஊர்களில் அம்மை போட்ட வீட்டுக்குச் சென்று ஆத்தாளைக் கும்பிட்டு வருவது மரபு. சிகிச்சையில் உள்ள குழந்தைக்குச் சின்னம்மை உயிராபத்து. வீட்டிலோ பக்கத்திலோ யாருக்கேனும் கண்டால் குழந்தையை உடனே விலக்கி, அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். தொட்டுப் பழகிய சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் தடுப்பு மருந்து பலன் தரும். மாரியம்மனுக்கு வேப்பிலை சாத்தி வீட்டிலிருந்தே கும்பிட்டால் அவள் கோபிக்க மாட்டாள்.

நாட்டு மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சித்தமும் ஆயுர்வேதமும் பெருமைக்குரியவை. சுப்பாராவே அதனால் உயிர் பிழைத்தவர்தாம். ஆயினும், கல்லீரலைச் சோதிக்கும் மருந்துகள் உடலில் இருக்கும்போது, அவற்றுடன் எந்தச் சூரணத்தையும் மருத்துவர் அறியாமல் சேர்ப்பது ஆபத்து. ‘மறைத்துக் கொடுத்தால் தெரியவா போகிறது’ என்ற எண்ணத்தில் கொடுக்கப்படும் ஒரு தேக்கரண்டி லேகியத்தால், அடுத்த சிகிச்சையே தள்ளிப்போக நேரிடலாம்.

அந்த வீட்டில் பணத்தின் பாடு பெரும்பாடாகத்தான் இருந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. அதன் கீழ்த் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலும் இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. புற்றுநோயாளிகள் சிகிச்சைக்குச் செல்லும்போது ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பிலும் கட்டணம் இல்லை. உடன் செல்பவர் கால் பங்கு கொடுத்தால் போதும். மருத்துவமனை தரும் உரிய படிவத்தை நிலையத்தில் காட்ட வேண்டும். இது தெரியாமல், வட்டிக்கு வாங்கிய பணத்தில் முழுக் கட்டணம் செலுத்திய குடும்பங்கள் எத்தனையோ.

மருந்துச் செலவைவிடத் தங்கும் செலவே பல குடும்பங்களை ஊருக்குத் துரத்துகிறது. நடைபாதையில் படுக்கும் குழந்தையைக் கிருமியிடமிருந்து யார் காப்பாற்றுவது? 2006-ல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா என்ற அமைப்பு, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்க இல்லங்கள் நடத்துகிறது. சென்னையிலும் அவர்கள் இல்லம் உண்டு. யாத்திரிகர்களுக்காக ஊர்தோறும் சத்திரம் கட்டிய மரபு நம்முடையது. பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் அன்னதானம் செய்யும் அன்பர்கள், மருத்துவமனை வாசலில் மூன்று மாதம் தங்கியிருக்கும் ஒரு தாய்க்கு ஒரு வேளை சுடுசோறு எட்டும் வழியையும் எண்ணிப் பார்க்கலாம். தட்டணுக்களை நெடுநாள் சேமித்து வைக்க இயலாது. தக்க பையில் வைத்தாலும் அவற்றின் ஆயுள் ஐந்து நாட்கள்தாம். அதனால் அவற்றுக்கு எப்போதும் தட்டுப்பாடு. அறுபத்தைந்தைக் கடந்தவர்களிடம் இரத்தம் வாங்க மாட்டார்கள். பேரன் பேத்தியர் பதினெட்டைக் கடந்தவர்களாக இருந்தால் அவர்களை அனுப்பத் தாத்தா பாட்டியின் ஒரு சொல் போதுமே.

அப்பாயிக்கும் ஒரு பணி வாய்த்தது. குழந்தைக்கு ஒரு தம்பி, மூன்று வயது. அக்காள் போன நாளிலிருந்து அவன் சோறு உண்ண மறுத்தான், படுக்கையை நனைத்தான். நோயுற்ற குழந்தையைச் சுற்றி வீடே சுழலும்போது, நோயில்லாத குழந்தை யாருக்கும் தெரியாமல் தனித்துப் போகிறது. அப்பாயி அவனைத் தம் மடியிலேயே இரண்டு ஆண்டுகள் வளர்த்தார். ஜாதகப் பேச்சும் மருமகள் வந்த நேரப் பேச்சும் அந்த வீட்டில் எப்போது நின்றன என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. நின்றுவிட்டன.

தாத்தாவின் நோட்டுப் புத்தகம் இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு நாள் இரவும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை. வெள்ளிக்கிழமைகளில் அத்துடன் மெத்தோட்ரெக்சேட். மாலை விளக்கேற்றித் திருநீறு இட்ட பின், குழந்தை மாத்திரையை விழுங்கியதைக் கண்ணால் பார்த்து, கட்டத்தில் ஒரு குறி இடுவார். அவர் கையெழுத்து இல்லாத நாட்கள் இரண்டே இரண்டு. அவருக்கே ஜலதோஷம் பிடித்து, பேத்தியிடம் நெருங்காமல் மாட்டுக் கொட்டகையை அடுத்த அறையில் படுத்துக்கொண்ட நாட்கள் அவை.

கடைசி மாத்திரை முடிந்து ஆறு மாதம் ஆயிற்று. முடி கழுத்து வரை வளர்ந்திருந்தது. முன்னைப்போல் நேராக இல்லாமல் சற்றே சுருண்டிருந்தது. மருத்துவரும் இனிக் கோயிலுக்குச் செல்லலாம் என்று சொல்லிவிட்டார். அப்பாயி மஞ்சள் முடிப்பை எடுத்துவைத்து நல்ல நாள் பார்த்தார். அப்போதுதான் பேத்தி, “மறுபடியும் மொட்டையா? நான் வரமாட்டேன், அப்பாயி” என்று கதவை மூடிக்கொண்டாள். அவளுக்கு எட்டு வயது. பள்ளியில் தொப்பியைப் பிடுங்கிச் சிரித்த பிள்ளைகளை அவள் இன்னும் மறக்கவில்லை.

அப்பாயி இரண்டு நாள் யோசித்தார். வேண்டுதல் வேண்டுதல்தானே என்று ஒரு மனம். பேத்தியின் அழுகை ஒரு பக்கம். முடிவில் கோயிலுக்குச் சென்று குருக்களிடமே கேட்டார். “முடியைத்தான் அவர் முன்னமே வாங்கிண்டுட்டாரே அம்மா. இப்போ பூமுடி கொடுங்கோ, போதும்” என்றார் அவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சித்தாமிர்தக் குளக்கரையில் மூன்றே கற்றை முடி கத்தரிக்கப்பட்டது. குழந்தை கண்களை இறுக மூடிக்கொண்டிருந்துவிட்டு, பின்பு தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். தம்பி தனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்து மொட்டையே போட்டுக்கொண்டான். செல்வமுத்துக்குமாரசுவாமி சந்நிதியில் அப்பாயி மஞ்சள் முடிப்பை அவிழ்த்தார். நாணயம் கறுத்துப் போயிருந்தது. அதை உண்டியலில் போடும் முன், தாத்தா நோட்டுப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துப் படிக்கட்டில் வைத்து, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த இரத்தப் பரிசோதனை ஆவணி பத்தாம் தேதி என்று அதன் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.